ரிசீவர் (பாஸ் வாங்குபவர்) கடாரியஸ் டோனியை சீஃப்ஸ் இனியும் களத்தில் இறக்கலாமா? (அமெரிக்கக் கால்பந்து, டிசம்பர் 2023)

நாலாவது டவுன்:
நேற்று (2023 டிசம்பர் 10) நம் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் பஃபலோ பில்ஸிடம் 20-17 என்று தோற்றாயிற்று. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் நம் கெல்ஸி பந்தைப் பிடித்தார், ஆட்கள் நெருங்கியதும் மைதானத்தின் குறுக்கே டோனிக்குப் பின்பக்கமாக எறிந்தார், டோனி ஓடிப்போய் எதிரணியின் எல்லைக்குள் நுழைந்து டச்டவுன். பல வருடம் போட்டுக் காட்ட வேண்டிய ஆட்டம் அது. ஆனால் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்னாப்புக்கு முன்பே டோனியின் கால் பந்து இருந்த கோட்டைத் தாண்டியிருந்தது. தவறைக் காட்டும் நடுவர் கொடி விழுந்தது, டச்டவுன் செல்லாது. செப்டம்பரில் லயன்ஸிடம் 21-20 என்று தோற்றபோதும் இவர் கையில் பட்டுத் தெறித்த பந்தைத்தான் அவர்களின் பிரையன் பிராஞ்ச் பிடித்து டச்டவுன் ஆக்கினார். இன்னும் என்ன நடக்க வேண்டும்? பெஞ்சில் உட்கார வையுங்கள்.

மஞ்சள் கொடி:
இப்படி நின்றால் நடுவர்கள் முதலில் எச்சரிப்பதுதானே வழக்கம்? நம் பயிற்சியாளர் ஆண்டி ரீடே அதைத்தான் கேட்டார்.

நாலாவது டவுன்:
வழக்கம்தான், கட்டாயம் இல்லை. நடுவர் செஃபர்ஸும் அதையே சொல்லிவிட்டார். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் நிற்கும் நடுவரைப் பார்த்துக் கை காட்டிக் கேட்டுக்கொள்ளலாம், இது பள்ளி அணியிலேயே சொல்லிக்கொடுப்பது. பந்தை எறியும் நம் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் நடுவர்கள் மேல் பாய்ந்ததும் ஹெல்மெட்டை எறிந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்பட வேண்டிய ஆள் பக்கத்திலேயே இருந்தார்.

ரெட்சோன் ராஜா:
அண்ணே, பிப்ரவரியை அதற்குள் மறந்துவிட்டீர்களா? ஈகிள்ஸை 38-35 என்று வென்ற சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் இதே டோனி ஒரு டச்டவுன் போட்டார். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 65 கெஜம் ஓடிய பண்ட் ரிட்டர்ன் வேறு, சூப்பர் பவுல் வரலாற்றிலேயே அதுதான் நீளமானது. அப்புறம் ஜூலையில் முழங்கால் அறுவை சிகிச்சை, பயிற்சி முகாமே போயிற்று. சரி, உட்கார வைக்கிறோம். யாரை எழுப்புவது? ஈகிள்ஸுடன் 21-17 என்று தோற்ற அன்று, கடைசி நேரத்தில் கைக்கு வந்த டச்டவுனைத் தவறவிட்டது இன்னொரு ரிசீவர் வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங். ஸ்கை மூர் இரண்டு வருடமாக 'வருவார் வருவார்' கதைதான். மற்ற அணிகளிடம் ஆள் மாற்றிக்கொள்ளும் டிரேடுக்கான கெடு அக்டோபர் 31-ஓடு முடிந்துவிட்டது. கடைக்குப் போய் வாங்கிவர முடியாது.

நாலாவது டவுன்:
வாங்க வேண்டாம், வீட்டிலேயே ரஷீ ரைஸ் இருக்கிறார். முதல் வருடப் பையன், டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) இரண்டாம் சுற்றுத் தேர்வு. குட்டைப் பாஸை வாங்கி ஓடுவதற்குத்தான் டோனி என்றால், அந்த வேலையை ரைஸ் இப்போதே செய்துகொண்டிருக்கிறார். டோனியின் வாய்ப்புகளையும் அவருக்கே கொடுங்கள்.

டோனிக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே மஹோம்ஸ் பந்தை விட்டுவிடுவார். இத்தனாவது அடியில், இந்தக் கோணத்தில் ஆள் இருப்பான் என்ற நம்பிக்கையில் காலி இடத்துக்குத்தான் வீசுகிறார். அந்த நம்பிக்கை போனால் அரை வினாடி தாமதிப்பார், அதற்குள் எதிரணி வந்து அமுக்கிவிடும். கணக்குப் புத்தகத்தில் அது டோனியின் தவறாகப் பதிவாகாது, மஹோம்ஸ் விழுந்தார் என்றுதான் இருக்கும்.

பழைய சிவப்பு:
நீங்கள் இருவருமே வேலைக்காரனைப் பிடித்துக்கொண்டு முதலாளியை விட்டுவிட்டீர்கள். 2022-இல் நம் நட்சத்திர ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமிக்கு அனுப்பி ஐந்து டிராஃப்ட் தேர்வுகள் வாங்கினார்கள். அந்த இடத்தை யாரை வைத்து நிரப்பினார்கள்? ஜயன்ட்ஸ் வேண்டாம் என்று விட்ட டோனியை, மூன்றாம் சுற்றுத் தேர்வும் ஆறாம் சுற்றுத் தேர்வும் கொடுத்து!

ரெட்சோன் ராஜா:
ஹில் போன அடுத்த சீசனிலேயே கோப்பை வந்ததே, அது எந்தக் கணக்கு? இந்த வருடம் அணியைத் தாங்குவதே தடுப்பாட்டக்காரர்கள், டிஃபென்ஸ்தான். ஹில்லுக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் அதில் பாதி பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

பழைய சிவப்பு:
அந்த டிஃபென்ஸ் 20 புள்ளியோடு நிறுத்தியும் தோற்கிறோம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். எட்டு வெற்றி, ஐந்து தோல்வி என்று நிற்கிறோம்.

மஞ்சள் கொடி:
ஒரு நடுவழி சொல்கிறேன். பண்ட் ரிட்டர்னுக்கு மட்டும் டோனி. அங்கே கோட்டில் நிற்க வேண்டிய வேலையே இல்லை.

நாலாவது டவுன்:
ஆனால் பந்தைப் பிடிக்க வேண்டிய வேலை இருக்கிறதே!

ரெட்சோன் ராஜா:
ஞாயிறு பேட்ரியட்ஸுடன் ஆட்டம். ரீட் அவரை இறக்கத்தான் போகிறார், பாருங்கள். ரீட் ஆட்களை அவ்வளவு சீக்கிரம் கைவிடுகிறவர் இல்லை.

நாலாவது டவுன்:
இறக்கட்டும். இன்னொரு பந்து அவர் கையில் பட்டுத் தெறித்தால், முதல் ஆளாக உங்களைத்தான் இங்கே கூப்பிடுவேன்.