நாகப்பட்டினம் வீட்டு உறவுகள் (வாட்ஸ்அப் குழு)

குட்டி: டிக்கெட் போட்டாச்சு. வெள்ளி ராத்திரி பினாங்கு. ஞாயிறு காலைல முகூர்த்தம். சனிக்கிழமை எங்க போறோம்னு சொல்லுங்க, அத்தை வேன் பேசணுமாம்

பாப்பா: மலை ரயில்!!!

சென்னை சித்தி: கடைத்தெரு

திருச்சி பெரியப்பா: எல்லாரும் கவனிக்கவும். பினாங்கு ஜார்ஜ் டவுனுக்கு வேன் வேண்டாம், நடந்தே பார்க்கலாம். 1786-ல பிரான்சிஸ் லைட் வந்து இறங்கின இடத்துல கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கேருந்து குயின் தெரு மாரியம்மன் கோயில், 1833-ல கட்டினது. கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801. 2008-ல மலாக்காவையும் இந்த ஊரையும் சேர்த்துத்தான் யுனெஸ்கோ பட்டியல்ல போட்டாங்க. ஆனா நான் வர்றது இதுக்கெல்லாம் இல்ல. அப்பா 1936-ல நாகப்பட்டினத்துல ராஜுலா கப்பல் ஏறி அங்க போய் மூட்டை தூக்கினார். அந்தத் துறைமுகக் கரையில ஒரு மணி நேரம் நிக்கணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.

பாப்பா: ஒரு மணி நேரமா 😳

குட்டி: ஸ்வெட்டன்ஹாம் துறைக்கு இப்ப சொகுசுக் கப்பல்தான் வருது பெரியப்பா. உள்ள விட மாட்டாங்க

திருச்சி பெரியப்பா: வெளிய நின்னா போதும்.

பினாங்கு அத்தை: தம்பி, கல்யாணமாகி 1970-ல நானும் ராஜுலாலதான் வந்தேன். எனக்கே கதையா

திருச்சி பெரியப்பா: பிள்ளைங்களுக்குச் சொன்னேன்க்கா

பினாங்கு அத்தை: வீட்ட வித்தப்ப மட்டும் அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணல

சென்னை சித்தி: அண்ணி கருவாடு கொண்டு வரவா

பினாங்கு அத்தை: வேணாம், ஏர்போர்ட்ல பிடுங்கிடுவான். கூழ் வத்தல் கொண்டா

சென்னை சித்தி: சரி அண்ணி. ஜாதிக்காய் தைலம் எனக்கு 4 எடுத்து வைங்க

கோவை அண்ணி: எனக்கு 2

பாப்பா: மலை ரயில் பத்தி யாருமே பேசல

கோவை அண்ணி: அம்மாவால படி ஏற முடியாது

குட்டி: அதுக்குத்தான் ரயில். 1923-லேருந்து ஓடுது, இப்ப பெட்டியெல்லாம் புதுசு. படி இருக்கிறது தண்ணீர்மலை முருகன் கோயில்ல. 500-க்கு மேல

கோவை அண்ணி: அப்ப தண்ணீர்மலை வேணாம்

சென்னை சித்தி: அவ்ளோ தூரம் போயிட்டு முருகனப் பார்க்காமலா

திருச்சி பெரியப்பா: மதியம் நாசி கண்டார். கண்டார்னா மலாய்ல தோள்ல வைக்கிற காவுத்தடி. ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு. நம்ம ஊர்ப் பக்கத்துலேருந்து போன முஸ்லிம்கள் துறைமுகத்துல வேலை செஞ்சவங்களுக்கு அப்படிச் சுமந்துட்டு வந்துதான் வித்தாங்க. அப்பா பசியாறின சோறு அது.

கோவை அண்ணி: நாங்க சனிக்கிழமை சைவம்

திருச்சி பெரியப்பா: அங்க போயுமா

பினாங்கு அத்தை: லிட்டில் இந்தியால சைவக் கடை இருக்கு. நீ வாடா தம்பி, நாம ரெண்டு பேரும் நாசி கண்டார் சாப்பிடுவோம்

பினாங்கு அத்தை: அப்பாவோட தகரப்பெட்டி என்கிட்டதான் இருக்கு. நான் கப்பலேறும்போது அதுலதான் சேலை வச்சுக் கொடுத்தார். மூடியில நாகப்பட்டினம், பினாங்குன்னு அவர் எழுதின வெள்ளைப் பெயிண்ட் இன்னும் போகல. வந்து எடுத்துட்டுப் போ

திருச்சி பெரியப்பா: அக்கா

திருச்சி பெரியப்பா: எத்தனை கிலோ இருக்கும்

குட்டி: அத பெரியப்பா பேர்ல லக்கேஜா போட்டுக்கலாம். வேன் 8 மணிக்கா 10 மணிக்கா?

பாப்பா: 10

சென்னை சித்தி: 8. வெயில் ஏறிடும்

குட்டி: பாஸ்போர்ட் 6 மாசமாவது செல்லணும், எல்லாரும் பாருங்க. பெரியப்பா உங்களது?

திருச்சி பெரியப்பா: பீரோவுல தேடிக்கிட்டு இருக்கேன்