பிரேக்கரில் எஸ்எஃப்6-க்குப் பதில் வேறு கேஸ் போடலாமா?

ஓமலூர்_யார்டு:
வணக்கம். சேலம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் 110 கேவி மின் சுவிட்ச்யார்டு என் பொறுப்பில் இருக்கிறது. இன்கமிங் பிரேக்கர் (கோளாறு வந்தால் உள்ளே வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) எஸ்எஃப்6 வகை, அதாவது உள்ளே சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு கேஸ் நிரப்பியது. 18 வருஷப் பழசு. நேம்பிளேட்டில் மூன்று போலுக்கும் (ஃபேஸுக்கு ஒன்று) சேர்த்து 8 கிலோ கேஸ். 20 டிகிரியில் 6.0 பார், அலாரம் 5.2, லாக்அவுட் (பிரேக்கர் இயங்காமல் பூட்டிக்கொள்ளும் அளவு) 5.0. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அலாரம் அடிக்கிறது, டாப்-அப் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். இப்போது மேனேஜர், "இது பூமியைச் சூடாக்குகிற கேஸாமே, வேறு ஏதாவது போட முடியாதா?" என்கிறார். டிரான்ஸ்ஃபார்மருக்கு வாங்கிய நைட்ரஜன் சிலிண்டர் சும்மா கிடக்கிறது. அதையே நிரப்பினால் என்ன?

ரிலே_தாத்தா:
தம்பி, அந்த சிலிண்டர் பக்கமே போகாதீங்க. அதே அழுத்தத்தில் நைட்ரஜன் தாங்கும் வோல்டேஜ் எஸ்எஃப்6-இல் மூன்றில் ஒரு பங்குதான். ஃபால்ட் வரும்போது கான்டாக்ட்டுகளுக்கு நடுவே எழும் மின்பொறியை, அதாவது ஆர்க்கை, அணைப்பதிலோ இன்னும் மோசம். மீட்டர் முள் 6.0 பாரில் அழகாக நிற்கும், உள்ளே பிரேக்கர் பிரேக்கராக இருக்காது.

கேஸை மாற்றுவது இரண்டாவது கேள்வி, கசிவுதான் முதல் கேள்வி. 6.0-இலிருந்து 5.2 என்றால் வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்த அப்சல்யூட் கணக்கில் 7.0-இலிருந்து 6.2. எட்டில் சுமார் 0.9 கிலோ காற்றில் போயிருக்கிறது. ஒரு கிலோ எஸ்எஃப்6 நூறு வருஷக் கணக்கில் 23,500 கிலோ கார்பன்-டை-ஆக்சைடுக்குச் சமம். ஆக ஒவ்வொரு அலாரத்துக்கும் சுமார் 21 டன். வருஷத்துக்கு அரை சதவீதம், அதாவது 40 கிராம் கசிந்தால் சரி, இது அதைப் போல நாற்பது மடங்குக்கும் மேல். இதை மேனேஜரிடம் காட்டுங்கள், கசிவைத் தேட ஷட்டவுன் தானாகக் கிடைக்கும்.

கேஸ்கார்ட்_அண்ணன்:
பழைய கருவியில் கேஸ் மாற்றுவது நடக்காத காரியம் இல்லை. இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ரிச்பரோ 400 கேவி சப்ஸ்டேஷனில் எஸ்எஃப்6-ஐ எடுத்துவிட்டு ஃப்ளூரோநைட்ரைல் என்ற கேஸ் கலந்த கலவையை நிரப்பினார்கள். ஆனால் அது வெறும் கண்டக்டர் போகிற கேஸ் டக்ட். அங்கே இன்சுலேஷன் மட்டும்தான் வேலை. ஆர்க் அணைக்கிற பிரேக்கர் சேம்பர் வேறு சங்கதி. ஆர்க் மேல் கேஸைப் பீய்ச்சும் நாஸில், கான்டாக்ட் வேகம் எல்லாமே எஸ்எஃப்6-ஐ நினைத்துச் செய்தவை. கேஸ்கெட், ஈரம் உறிஞ்சும் பொருள், டென்சிட்டி மானிட்டர் (கேஸ் அடர்த்தியைக் கண்காணித்து அலாரம் அடிக்கும் கருவி) மூன்றும் புதுக் கலவைக்குப் பொருந்தவும் வேண்டும். செய்த கம்பெனியே எழுதிக் கொடுக்காமல் தொடாதீர்கள். ஐரோப்பாவின் 2024 சட்டம்கூட புதிதாக வைக்கும் கருவிகளைத்தான் படிப்படியாகத் தடுக்கிறது.

கேஸ் எடுக்க நேர்ந்தால் ரெக்கவரி மெஷினில் இழுங்கள், வெளியே விடாதீர்கள். சேம்பரைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும். விஷம், மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம்.

ஏற்காடு_மெயின்டனன்ஸ்:
இதோடு ஒரு சின்ன விஷயம். எங்கள் மலை மேல் ரிசார்ட் ஆர்எம்யூவில் (ரிங் மெயின் யூனிட், கேஸ் நிரப்பிய சுவிட்ச் பெட்டி) முள் பச்சையிலேயே இருந்ததால் நிம்மதியாக இருந்தோம். அது வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அழுத்தம் காட்டும் சாதா கேஜ். 1500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று அழுத்தம் குறைவு, அதனால் கீழே காட்டுவதைவிட 0.15 பார் கூடுதலாகக் காட்டும். ஆர்எம்யூவில் மொத்தமே அரை பார்தான். பாதி கசிந்த பிறகுதான் உறைத்தது. சேலத்தில் அந்தத் தொல்லை இல்லை, உங்கள் மீட்டரை நம்பலாம்.

ஓமலூர்_யார்டு:
ஞாயிற்றுக்கிழமை எல்சி (லைன் கிளியர், மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி, எர்த் போட்டு, சோப்புத் தண்ணீரும் டிடெக்டருமாக உட்கார்ந்தோம். ஃபிளேஞ்சில் எதுவும் இல்லை. நான் பி போலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, ஹெல்ப்பர் பையன் டென்சிட்டி மானிட்டருக்குப் போகும் செம்புக் குழாயின் நட்டைக் காட்டினான். கடுகு அளவு குமிழி, நிதானமாக ஒவ்வொன்றாக வந்தது. ஓ-ரிங் காய்ந்து ஓடாகியிருந்தது. மாற்றிவிட்டோம். அடுத்த ஷட்டவுனுக்குள் வேக்யூம் இன்டரப்டரும் (வெற்றிடத்தில் ஆர்க்கை அணைக்கும் பகுதி) உலர் காற்றும் கொண்ட பிரேக்கருக்கு விலை கேட்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். நைட்ரஜன் சிலிண்டரை ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பியாச்சு.