70களின் ஜப்பான் ஜாஸ் பேஸ் காப்பி: எதைப் பார்த்து ஏலம் கேட்பது?

நாலுகம்பி:

70களில் ஜப்பானில் செய்த, ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் என்ற பேஸ் கிட்டாரின் காப்பி ஒன்று தேடுகிறேன். இப்போதைக்கு இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன.

முதலாவது யாஹூ ஜப்பான் ஏலத்தில். கிரெக்கோ என்ற பெயரில் வந்தது, சன்பர்ஸ்ட் நிறம், ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு (விரல் அழுத்தும் பலகை). நெக் பிளேட்டில் (நெக்கைப் பாடியோடு பிணைக்கும் தகடு) சி76 என்று தொடங்கும் எண். விவரத்தில் 'ஜங்க்', 'காரி', 'கொஞ்சம் ஜுன்சோரி' என்று ஏதேதோ இருக்கிறது, மொழிபெயர்ப்புக் கருவி பாதியை விழுங்கிவிட்டது. 31,000 யென்னில் நிற்கிறது, மூன்று நாள் பாக்கி.

இரண்டாவது ஈபேயில், அமெரிக்காவிலிருந்து. ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப்பகுதி) பெயரே கிடையாது. பிளேட்டில் 'ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்' என்று மட்டும் பொறித்திருக்கிறது. தலைப்பில் 'லாஸூட்' (வழக்கில் சிக்கிய காப்பி என்ற பொருளில்), 'மட்சுமோக்கு' என்று கொட்டை எழுத்து. உடனடி விலை 690 டாலர்.

எதன் பின்னால் போகலாம்? விற்பவரிடம் என்னென்ன படம் கேட்க வேண்டும்? சென்னைக்கு எப்படி வரவழைப்பது?

கீழ்ஸ்தாயி:

'லாஸூட்' என்ற சொல்லுக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீங்க. வழக்கு நடந்தது உண்மை. கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்கர் மீது 1977 ஜூன் 28 அன்று ஃபிலடெல்ஃபியாவில் தொடுத்தது. புகார் ஹெட்ஸ்டாக் உச்சியின் வடிவத்தைப் பற்றியது, விரித்த புத்தகம் மாதிரி இருக்குமே, அது. ஐபனெஸ் அதற்கு முன்பே தன் ஹெட்ஸ்டாக்கை மாற்றத் தொடங்கியிருந்தது. 1978இல் சமரசமாக முடிந்துபோச்சு. அந்த வழக்கில் ஃபெண்டர் கட்சிக்காரரே இல்லை. ஜாஸ் பேஸ் காப்பிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மட்சுமோக்கு நாகானோ மாநிலத்து மட்சுமோட்டோ ஊரில் இருந்த நிஜமான ஆலைதான், 1987இல் மூடினார்கள். ஆனால் நீங்க சொல்ற அந்தப் பிளேட் ஏகப்பட்ட பெயர்களில் வந்த கருவிகளில் இருக்கிறது. பிளேட்டை மட்டும் வைத்து ஆலையைச் சொல்வது ஊகம். அந்தக் காலத்தில் பெயர் ஒருவருடையது, ஆலை இன்னொருவருடையது. கிரெக்கோ என்ற பெயர் காண்டா ஷோகாய் என்ற வணிக நிறுவனத்தின் சொத்து. செய்து கொடுத்ததில் முக்கியமான ஆலை ஃபுஜிஜென், அதுவும் மட்சுமோட்டோதான். 1982இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கியபோது காண்டா ஷோகாய் அதில் பங்காளி ஆனது, ஆரம்பத்தில் செய்து கொடுத்ததும் ஃபுஜிஜென். அதனால்தான் கிரெக்கோவுக்கு இந்த மரியாதை.

சி76 என்றால் 1976 மார்ச். முதல் எழுத்து மாதம் (ஏ ஜனவரி, எல் டிசம்பர்), அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. ஒரு எச்சரிக்கை: பிளேட் நாலு ஸ்க்ரூவில் கழன்று வரும் தகடு. அது தன் வயதைத்தான் சொல்லும், நெக்கின் வயதையோ பாடியின் வயதையோ இல்லை.

மாடல் எண் தெரிந்தால் கேளுங்க. அது அன்றைய விலை. 70களின் கிரெக்கோவில் மூன்று இலக்கம் இருந்தால் நூறால் பெருக்குங்க: 450 என்றால் 45,000 யென். டோக்காய், ஃபெர்னாண்டஸில் இரண்டு இலக்கம், ஆயிரத்தால் பெருக்கணும். ஒரே தொடரில் எண் ஏற ஏற மரமும் பிக்கப்பும் மேலானவை.

அகராதி: 'ஜங்க்' என்றால் குப்பை என்று பொருளில்லை, 'எந்தப் பொறுப்பும் ஏற்க மாட்டேன்' என்பதன் சுருக்கம். தூசி படிந்த நல்ல பேஸும் அந்தப் பெயரில் வரும், ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) செத்ததும் வரும். 'காரி' என்பது வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகரப்பு. பத்தில் ஒன்பது முறை கான்டாக்ட் கிளீனர் இரண்டு பீச்சு பீச்சி, குமிழை இருபது தடவை முன்னும் பின்னும் திருப்பினால் போய்விடும். 'ஜுன்சோரி' நெக் கம்பி இழுக்கும் பக்கம் வளைந்திருப்பது, 'க்யாகுசோரி' அதற்கு எதிர்ப்பக்கம். 'நெஜிரே' முறுக்கு. 'மோட்டோஓகி' என்று கண்ணில் பட்டால் நின்று யோசியுங்க, உளிக்காரர் வந்து சொல்வார்.

ஏல முறை: ஈபேயில் குறித்த நொடியில் ஏலம் முடியும், கடைசி ஏழெட்டு நொடியில் உச்ச விலையைப் போடுவது பலிக்கும். யாஹூவில் பெரும்பாலும் தானாக நீளும் ஏற்பாடு இருக்கும்: கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் இன்னொரு ஐந்து நிமிடம் கூடும். அங்கே ஒளிந்திருந்து பாய்வதில் பயனில்லை. உச்சத் தொகையை முடிவு பண்ணிப் போட்டுவிட்டுத் தூங்கப் போயிடுங்க. தொகையை முடிவு பண்ண, முடிந்த ஏலங்களின் விலைப் பட்டியலை அங்கேயே பாருங்க, கடந்த ஆறு மாதத்துக்குக் காட்டும். விற்காமல் ரிவர்ப் என்ற இசைக்கருவிச் சந்தைத் தளத்தில் மாதக்கணக்கில் தொங்கும் விலையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளாதீங்க.

உளிக்காரர்:

பெயரை விடுங்கள். வாங்குவது நெக்கை. மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம். கெட்ட நெக்கோடு வந்த பேஸ் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

நான் கேட்கும் படங்கள் நான்கு. ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து, இரண்டு ஓரங்களையும் பார்க்கும்படி, பாடியை நோக்கி எடுத்த படம். பிரிட்ஜைப் பக்கவாட்டில் மிக அருகில் எடுத்த படம், சேடில்களின் (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டுகள்) உயரம் தெரியணும். 12ஆவது, 17ஆவது ஃப்ரெட்டுகளில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே அளவுகோல் வைத்த படம். கன்ட்ரோல் பிளேட்டை (குமிழ்கள் இருக்கும் தகடு) தூக்கி உள்ளே எடுத்த படம்.

சேடில் எல்லாம் அடிமட்டத்தில் உட்கார்ந்திருக்க, கம்பி இன்னமும் உயரமாக இருந்தால், நெக் வளைந்திருக்கிறது அல்லது பாக்கெட்டில் (பாடியில் நெக் உட்காரும் குழி) கோணம் சரியில்லை. கோணம் என்றால் பயமில்லை, அடியில் ஷிம் (மெல்லிய ஆப்பு) வைத்தால் தீர்ந்தது. வளைவு என்றால் ட்ரஸ் ராடில் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்து ராட் ஒருவழி ராட், ஜுன்சோரியை மட்டும் இழுத்துப் பிடிக்கும். ராடை இறுக்கும் நட் இறுகித் திருகு முடிந்திருந்தால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. ஹெட்ஸ்டாக்கில் நட் தெரியாவிட்டால் அது பாடிப் பக்கத்து முனையில் இருக்கும், பார்க்க நெக்கைக் கழற்றணும். பாதி விற்பனையாளர்கள் கழற்ற மாட்டார்கள். கழற்றாவிட்டால் 'ராட் தெரியாது' என்றே கணக்கு வைத்து விலை போடுங்கள்.

மோட்டோஓகி: நெக் முழுக்க நேராக இருந்து, பாடியோடு சேரும் இடத்தில் மட்டும் மேல்நோக்கி எழும்பும். ராடின் இழுப்பு அங்கே எட்டாது, அதனால் எவ்வளவு முறுக்கினாலும் பலன் இல்லை. லேசாக இருந்தால் மேல் ஃப்ரெட்டுகளைச் சீவிச் சமன் செய்யலாம், ஃப்ரெட்டில் உயரம் மிச்சம் இருக்கணும். அதிகம் என்றால் சூடேற்றிப் பிடிமானம் போட்டு நிமிர்த்தணும், அல்லது ஃப்ரெட்டெல்லாம் பிடுங்கிப் பலகையைச் சமன் செய்து மறுபடி அடிக்கணும். அது பேஸின் விலையைத் தாண்டும்.

கன்ட்ரோல் குழியின் பக்கச் சுவரில் கோடு கோடாக அடுக்குத் தெரிந்தால் பாடி ப்ளைவுட். மலிவு மாடல்களில் சகஜம். ஒலிக்காமல் போகாது, விலைதான் குறையணும். நல்லவற்றில் சென் மரம் அதிகம் பார்க்கலாம். பார்வைக்கு ஆஷ் மாதிரியே ரேகை ஓடும், விற்பவர்களும் ஆஷ் என்றே எழுதிவிடுவார்கள்.

உதிரி பாகங்களில் ஏமாறுவது இங்கேதான். 'ஜாஸ் பேஸ் காப்பிதானே, ஃபெண்டர் பாகம் சேரும்' என்று நினைக்காதீர்கள். பிக்கார்டின் (பாடியின் மேல் பதியும் பிளாஸ்டிக் தகடு) ஸ்க்ரூ ஓட்டைகள் ஒத்துப்போகாது, பழையதைக் காகிதத்தில் வரைந்து புதிதாக வெட்டச் சொல்லணும். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் அமெரிக்கப் பொட்டென்ஷியோமீட்டரின் கழுத்து விட்டம் 9.5 மி.மீ., ஜப்பானியத்தில் 7 அல்லது 8. பிளேட்டின் ஓட்டையை அராவிப் பெரிதாக்கணும், குமிழும் மாறும். ஃபெண்டரில் பிரிட்ஜ் பிக்கப் மற்றதைவிடக் கொஞ்சம் நீளம், சில காப்பிகளில் இரண்டும் ஒரே நீளம். வாங்குமுன் மி.மீ. அளவு கேளுங்கள். ஆகவே எல்லாம் அசலாக இருக்கும் பேஸுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது லாபம்.

கிரெக்கோதான் என் வாக்கு, படங்கள் சரியாக இருந்தால்.

மூட்டைகட்டி:

அனுப்புவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பணம் போவது அங்கே.

யாஹூவில் வெளிநாட்டிலிருந்து நேராகக் கேட்பது கஷ்டம், பையி, சென்மார்க்கெட் போன்ற இடைத்தரகர் வழியாகத்தான் போகணும். ஏலத்தொகையோடு தரகு, விற்பவரிடமிருந்து கிடங்கு வரை உள்நாட்டுக் கூலி, பிறகு வெளிநாட்டுக் கூலி, கடைசியில் சுங்கம். இந்தியாவில் சுங்கத்தைக் கருவியின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். உச்சத் தொகையைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள், பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் செ.மீ.இல் பெருக்கி 5000ஆல் வகுங்கள். முழு பேஸுக்கான பெட்டி 125 × 45 × 20 என்றால் 22.5 கிலோ என்று பில் வரும், உள்ளே எட்டு கிலோ இருந்தாலும். நெக்கைக் கழற்றி 95 × 40 × 15 பெட்டியில் வைத்தால் 11.4 கிலோ. பாதி. ஜப்பான் தபால்துறையின் இஎம்எஸ் நிஜ எடைக்கே வாங்கும், நீளத்துக்கும் சுற்றளவுக்கும் வரம்பு உண்டு. அது கிடைத்தால் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

ஃபிங்கர்போர்டு சாதாரண ரோஸ்வுட் என்றால் 2019 நவம்பர் 26 முதல் முழுதாகச் செய்த இசைக்கருவிக்கு சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) தாள் வேண்டாம். 'பிரேசிலியன் ரோஸ்வுட்' என்று விற்பவர் பெருமையாக எழுதினால் அதைத் தொடாதீர்கள். அந்த மரம் 1992 முதல் சைட்டிஸின் முதலாம் பட்டியலில் இருக்கிறது, சுங்கத்தில் மாட்டும்.

உளிக்காரர்:

நெக்கைக் கழற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஐம்பது வருடத்து ஸ்க்ரூ ஓட்டை ஒருமுறை திறந்தாலே மரம் தூளாகிப் பிடிப்புப் போகலாம். பாக்கெட்டில் பழைய ஷிம் இருந்து கீழே விழுந்தால் அது இருந்ததே யாருக்கும் தெரியாது. நெக்குக்கு அடியில் காகிதமோ நுரையோ திணித்து, ஹெட்ஸ்டாக் பெட்டியைத் தொடாமல் கட்டினால் போதும். ஃபெண்டர் மாதிரி ஹெட்ஸ்டாக் பின்னால் சாயாதது, கிப்சன் மாதிரி சட்டென்று முறியாது.

மூட்டைகட்டி:

சரிதான், ஆனால் பதினொரு கிலோ வித்தியாசத்தின் கூலியில் இன்னொரு நெக் வாங்கலாம். ராட் நட் பாடிப் பக்கம் இருந்தால் எப்படியும் ஒருமுறை திறக்கத்தானே போகிறோம். விற்பவரே கழற்றி, பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினால் ராட் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

நாலுகம்பி:

தரகர் வழியாகக் கேட்டுவிட்டேன். பதில் வந்தது. நெக்கைக் கழற்றிப் பார்த்தாராம், ராட் நட் இன்னும் ஏறக்குறைய அரைச் சுற்று இறுகும் என்கிறார். பாடி ப்ளைவுட் இல்லை. ஆனால் நான்கு சேடிலும் அடிமட்டம். 12ஆவது ஃப்ரெட்டில் தடித்த கம்பி 3.5 மி.மீ. மோட்டோஓகி இல்லையாம். இது தேறுமா?

கீழ்ஸ்தாயி:

தேறும். ஒரு சங்கடம்: யாஹூவில் பதில் வந்த கேள்வி எல்லார் கண்ணுக்கும் தெரியும். 'ராடில் மிச்சம் இருக்கிறது' என்பதை இப்போது போட்டிக்காரர்களும் படித்திருப்பார்கள். 31,000இல் நிற்காது. உங்க உச்சத்தை இப்பவே எழுதி வைத்துக்கொண்டு அதைத் தாண்டாதீங்க. 76 கிரெக்கோ இன்னொன்று வரும்.

உளிக்காரர்:

வந்ததும் செய்ய வேண்டிய வரிசை. பேஸை இரண்டு நாள் அறையில் கிடத்திவிட்டு, கம்பியைச் சுருதிக்கு ஏற்றுங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழு எட்டாவது ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். அரை மி.மீ.க்கு மேல் என்றால் கம்பியைத் தளர்த்தி, நட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, ஒரு ராத்திரி விடுங்கள். ஒரே மூச்சில் அரைச் சுற்று வேண்டாம், பழைய நட் திருகு வழுக்கும். அந்தக் கால் சுற்றிலேயே கம்பியின் உயரம் கொஞ்சம் இறங்கும்.

பிறகும் சேடில் அடிமட்டத்திலேயே இருந்தால் ஷிம். பாக்கெட்டில் பிரிட்ஜ் பக்கத்து ஓரத்தில் வைக்கணும். மறுபக்கம் வைத்தால் கம்பி இன்னும் உயரும், பலர் தவறுவது இதில்தான். ஓரத்தில் 0.5 மி.மீ. வைத்தால் சேடிலை ஏறக்குறைய 2.5 மி.மீ. தூக்க இடம் கிடைக்கும். விசிட்டிங் கார்டு துண்டு வைத்துப் பாருங்கள், கணக்குச் சரியானதும் ஒரு பக்கம் அரை மி.மீ., மறுபக்கம் சுழியமாகச் சீவிய மேப்பிள் தகட்டை முழுப் பாக்கெட்டுக்கும் வைத்துவிடுங்கள், நடுவில் பொந்து விழாது. ஸ்க்ரூவைத் திருப்பிப் போடும்போது முதலில் கையால் இடப்பக்கம் சுற்றுங்கள். பழைய மரை வழியில் 'டக்' என்று விழும், அப்புறம் வலப்பக்கம்.