பொது ரெப்போ முகவரி: சொந்த டொமைனா, வழங்குநரின் டொமைனா?

ஊடுபாவு:
கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் தம் பொது ரெப்போவுக்கு (மூலநிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் 'கிட்' என்ற கருவியால் சேமித்து வைக்கும் இடம்) முகவரி வைக்கும்போது, நாளை மாறக்கூடிய எதையும் அதில் சேர்க்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. பதிப்பு எண், பராமரிக்கும் குழுவின் பெயர், இடம் தரும் நிறுவனத்தின் பெயர் ஆகிய மூன்றும் மாறுபவையே. லினக்ஸ் இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலின் முதன்மை ரெப்போ பல ஆண்டுகள் 'லினக்ஸ்-2.6.கிட்' என்ற பெயரில் இருந்தது. 2011இல் 3.0 வெளியானபோது அந்தப் பெயர் பொருந்தாமல் போய், 'லினக்ஸ்.கிட்' ஆயிற்று. ரெப்போ இருந்த கர்னல்.ஆர்க், கெர்னல் உருவாக்குநர்களுடைய சொந்த சர்வர் என்பதால், பழைய பெயரிலிருந்து புதியதற்கு ஓர் இணைப்பை வைத்து, பழைய முகவரியை எழுதி வைத்திருந்தவர்கள் தடுமாறாமல் பார்த்துக்கொள்ள முடிந்தது. அந்த வசதி மற்ற திட்டங்களுக்கும் வேண்டுமென்றால், முகவரி திட்டத்தின் சொந்த டொமைனில்தான் இருக்க வேண்டும்.

மூலநிரலன்:
பதிப்பு எண் வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. சொந்த டொமைன் என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. இருவரோ மூவரோ ஓய்வு நேரத்தில் நடத்தும் திட்டத்தில் டொமைனுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுபவர் யார்? அவர் விலகிப்போய், புதுப்பிக்கப்படாமல் காலாவதியான டொமைனை வேறொருவர் வாங்கிவிட்டால், அதே முகவரியிலிருந்து குளோன் செய்பவருக்கு (ரெப்போவைத் தம் கணினிக்கு நகலெடுப்பவருக்கு) வாங்கியவர் தாம் விரும்பிய நிரலைக் கொடுக்க முடியும். ரெப்போக்களுக்கு இடம் தரும் கிட்ஹப் தளத்தில் பெயர் மாற்றினால் பழைய முகவரி தானாகவே புதியதற்குத் திருப்பிவிடப்படுகிறது. இதைவிடக் குறைந்த செலவில் நிறைந்த பாதுகாப்பு எங்கே கிடைக்கும்?

ஊடுபாவு:
அந்தத் திருப்பிவிடலுக்கு ஒரு வரம்பு உண்டு, நண்பரே. பழைய பெயரில் புதிய ரெப்போ ஒன்று உருவானதும் அது நின்றுவிடும். கைவிடப்பட்ட பயனர்பெயரை அந்நியர் எடுத்துக்கொண்டு அதே பெயரில் ரெப்போ தொடங்கினால், நீங்கள் அஞ்சும் அதே கேடு டொமைன் இல்லாமலேயே நேரும். அதிகம் குளோன் செய்யப்பட்ட ரெப்போக்களின் பெயரை மறுபடி பயன்படுத்த கிட்ஹப் தடை வைத்திருக்கிறது என்றாலும், நீங்கள் சொல்லும் சிறிய திட்டங்களுக்கு அந்தத் தடை எட்டுவதில்லை.

இடம் தரும் தளமே மூடப்பட்டால் திருப்பிவிடவும் ஆளில்லை. அத்தகைய தளங்களான கிட்டோரியஸ் 2015இல் மூடப்பட்டது. கூகுள் கோடு 2016இல் மூடப்பட்டது. கோ என்ற நிரல்மொழியில், பிறர் எழுதிய தொகுப்பை நிரலுக்குள் அழைக்கும் 'இம்போர்ட்' வரியில் ரெப்போவின் முகவரியே எழுதப்படுவதால், கூகுள் கோடு முகவரியை எழுதியிருந்த நிரல்களையெல்லாம் திருத்த வேண்டியிருந்தது. கோ குழுவோ 2014லேயே தன் துணைத் தொகுப்புகளை 'கோலாங்.ஆர்க்/எக்ஸ்' என்ற சொந்த முன்னொட்டுக்கு மாற்றிவிட்டது. உண்மையான ரெப்போ எங்கே இருக்கிறது என்பதை அந்த முகவரியின் வலைப்பக்கத்தில் கருவிகள் படிப்பதற்காக எழுதப்பட்ட ஒரு மெட்டா குறி தெரிவிக்கிறது. ரெப்போ எங்கு நகர்ந்தாலும் இம்போர்ட் வரி மாறுவதில்லை.

வடமேற்கு:
டொமைனோடு விவாதம் முடிந்துவிடக் கூடாது. லினக்ஸ் வழங்கலான டெபியனுக்குச் சொந்த டொமைன் எப்போதும் இருந்தது. ஆனால் ரெப்போக்களை வைத்திருந்த அதன் அலியோத் சர்வரிலிருந்த முகவரிகளில் 'கோலாப்-மெயின்ட்' போன்ற குழுப் பெயர்கள் பாதையின் நடுவே அமர்ந்திருந்தன. 2018இல் எல்லாம் கிட்லேப் என்ற ரெப்போ மென்பொருளில் இயங்கும் சால்சா என்ற புதிய சர்வருக்கு மாறியபோது அந்தக் குழுப் பெயர்களும் மாறின. ஒவ்வொரு மூலத் தொகுப்பின் கட்டுப்பாட்டுக் கோப்பிலும் ரெப்போ முகவரி ஒரு புலமாகவே எழுதப்பட்டிருக்கும்; அதைத் திருத்த வேண்டுமானால் தொகுப்பைப் புதிதாகப் பதிவேற்ற வேண்டும். ஏற்கெனவே வெளியான நிலைப்பதிப்புகளிலோ பழைய முகவரிதான் நிற்கும். பழையதைப் புதியதோடு பொருத்தும் திருப்பிவிடல் பட்டியலைத் தனியே பராமரித்தார்கள். பாதையில் குழுப் பெயர் இல்லாதிருந்தால் அந்தப் பட்டியல் ஒற்றை விதியாகச் சுருங்கியிருக்கும்.

மூலநிரலன்:
டெபியனுக்கு அந்தப் பட்டியலைப் பராமரிக்க சர்வர் நிர்வாகிகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரிய திட்டங்களின் வழக்கத்தைச் சிறியவற்றின் தலையில் சுமத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன். மேலும், குழுப் பெயரே இல்லாத தட்டையான பாதையில் 'டூல்ஸ்', 'டாக்ஸ்' போன்ற பெயர்களுக்கு இரண்டு குழுக்கள் போட்டியிடும்போது என்ன செய்வீர்கள்?

வடமேற்கு:
திட்டத்தின் பெயரை முன்னொட்டாக வைத்தால் தீரும். 'டாக்ஸ்' என்று மட்டும் பெயரிடப்பட்ட ரெப்போவைக் குளோன் செய்தவருக்கு, அவருடைய கணினியிலும் வெறும் 'டாக்ஸ்' என்ற கோப்புறைதானே கிடைக்கிறது? எப்படியும் அது நல்ல பெயரல்ல.

ஊடுபாவு:
இன்னொன்று, எழுத்தின் அளவு. கிட்ஹப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்கிறது. கோ மொழி அப்படிக் கொள்வதில்லை. கோ மொழியில் எழுதப்பட்ட லாக்ரஸ் தொகுப்பின் உரிமையாளர் 2017இல் பயனர்பெயரின் முதலெழுத்தைச் சிறியதாக்கிய பிறகு, இரண்டு வடிவத்தையும் சார்ந்திருந்த நிரல்கள் கட்டமைக்கப்படாமல் நின்றன. அனைத்தும் சிறிய எழுத்து என்ற விதிக்காவது மூலநிரலன் ஒப்புவார் என்று நம்புகிறேன்.

மூலநிரலன்:
ஒப்புகிறேன், இறுதியில் '.கிட்' சேர்ப்பதையும் விதியாக்கலாம். கிட்ஹப்புக்கு அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றாலும், உலாவியில் பார்க்கும் பக்கத்தையும் குளோன் செய்யும் முகவரியையும் அது பிரித்துக் காட்டுகிறது. டொமைன் பற்றி மட்டும் என் கருத்து மாறவில்லை: அடுத்த ஐந்தாண்டுக்குக் கட்டணம் கட்ட இருவரேனும் பெயர் கொடுக்காத திட்டம் சொந்த டொமைனைத் தொடவே கூடாது.