கார்லோஸ் கார்டெல்: கடைசி இரண்டு நாட்கள்

கேள்வி: டேங்கோ (அர்ஜென்டினாவின் ஆட்ட இசை) பாடகர் கார்டெல் விமானத்துக்குள் நடந்த துப்பாக்கிச் சண்டையில் செத்தார் என்கிறார்களே, உண்மையா? கடைசியாக எங்கே பாடினார்?

பதில் 1: கடைசியாகப் பாடியது 1935 ஜூன் 23 இரவு, கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் ஒரு வானொலி நிலையத்தில். கடைசிப் பாட்டு 'தோமோ இ ஒப்ளிகோ'. மறுநாள் அவரும் குழுவும் அதே நாட்டின் காலி (Cali) நகருக்கு விமானத்தில் கிளம்பினார்கள். வழியில் மெதெயின் நகரில் இறங்கிவிட்டு, பிற்பகல் 3 மணிவாக்கில் மறுபடி கிளம்பும்போதுதான் விபத்து. ஓடுதளத்தில் ஓடிய விமானம் வலப்பக்கம் விலகி, முறை வரக் காத்து நின்ற 'மனிசாலெஸ்' விமானத்தில் மோதியது. இரண்டுமே மூன்று எஞ்சின் ஃபோர்டு. அந்த ரகத்தில் பெட்ரோல் டேங்க் இறக்கைக்குள், பயணிகள் தலைக்கு மேலே இருக்கும். மோதியதும் தீ பிடித்ததற்கு வேறு காரணம் தேடவேண்டாம். 'மனிசாலெஸ்'ஸில் இருந்த 7 பேரும் இறந்துபோனார்கள்.

பதில் 2: துப்பாக்கிக் கதைக்கு வேர், கார்டெல் உடலில் கிடைத்த துப்பாக்கிக் குண்டு. அது 1915-ல் அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரெஸில் பட்டது, எடுக்காமலே விட்டிருந்தார்கள். விபத்து விசாரணை காற்றைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னது. கார்டெலோடு அவருடைய பாடலாசிரியர் லெ பேராவும் கிதார் கலைஞர் பார்பியேரியும் அங்கேயே இறந்தார்கள். இன்னொரு கிதார் கலைஞர் ரிவெரோல் இரண்டு நாள் கழித்து. மூன்றாவது கிதார் கலைஞர் அகிலார் தீக்காயங்களோடு பிழைத்தார். அந்தக் கிதார் குழுவே அன்றோடு முடிந்தது, அதை யாரும் பேசுவதில்லை.

கேள்வி கேட்டவர்: உடலை உடனே கொண்டுபோனார்களா?

பதில் 1: இல்லை. முதலில் மெதெயினிலேயே அடக்கம். டிசம்பரில் தோண்டியெடுத்து, நியூயார்க் வழியாகக் கப்பலில் கொண்டுவந்து, 1936 பிப்ரவரியில் புவெனோஸ் ஐரெஸ் சாக்கரிதா கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள்.