ராத்திரிக்குக் கெளுத்தியும் நூடுல்ஸும்

அண்ணி (மாலை 5:10): இவர் காசிமேட்டிலிருந்து ஒரு கிலோ கெளுத்தி வாங்கி வந்திருக்கிறார். பிள்ளைகள் நூடுல்ஸ்தான் வேண்டும் என்று நிற்கிறார்கள். மீனை மசாலா தடவி வறுத்து நூடுல்ஸ் மேல் வைத்துவிடட்டுமா?

அண்ணன்: வஞ்சிரம் விலை ஒத்துவரவில்லை. கெளுத்தி செவுள் நல்ல சிவப்பு, காலையில் இறங்கிய மீன்.

பெரியம்மா: வறுக்காதே மா. வறுவல் ஒரு பக்கம், நூடுல்ஸ் ஒரு பக்கம் என்று நிற்கும். மொயிங்கா வை, நூடுல்ஸ் மேல் மீன் சூப் ஊற்றிச் சாப்பிடும் பர்மாச் சாப்பாடு. கெளுத்தி கிடைத்த அன்றைக்கு வேறு எதையும் யோசிக்கக் கூடாது.

அண்ணி: பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடையில் ஊற்றுவார்களே, வாழைத்தண்டு சூப், அதுவா பெரியம்மா?

பெரியம்மா: அதேதான். கடையில் பெரும்பாலும் மீன் இல்லாமல் வைக்கிறார்கள். ரங்கூனில் மீன் போட்டுத்தான், அங்கே காலைப் பலகாரமே அது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, அப்புறம் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டதும் நம் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். வியாசர்பாடிக்கு வந்து சேர்ந்ததும் எங்கள் அம்மா முதலில் தேடியது கெளுத்தியையும் வாழைத்தண்டையும்தான்.

நான்: பெரியம்மா, செய்முறையை முழுசாகப் போடுங்கள். நானும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பெரியம்மா: முதலில் கல்லுப்பும் புளியும் போட்டுத் தேய்த்து வழவழப்பை எடு. முதுகிலும் பக்கத்திலும் இருக்கும் முள்ளை வெட்டியாகிவிட்டதா பார், கையில் குத்தினால் கடுக்கும். மஞ்சள்தூள், தட்டிய இஞ்சி, உப்பு போட்டு மீனை வேகவை. ஆறியதும் சதையை உதிர்த்து எடு. வெந்த தண்ணீரை வடிகட்டி வை, கொட்டிவிடாதே, ருசி முழுக்க அதில்தான்.

பெரியம்மா: வெங்காயம், பூண்டு, இஞ்சி அரைத்து எண்ணெயில் நன்றாக வதக்கு. அவசரப்படாதே, பச்சை வாசனை போய் எண்ணெய் பிரிய வேண்டும். மிளகாய்த்தூளும் மீன் சதையும் போட்டுப் புரட்டு. அப்புறம் மீன் தண்ணீர், வட்டமாக நறுக்கிய வாழைத்தண்டு. வறுத்த கடலை மாவு இரண்டு கரண்டி, கட்டி இல்லாமல் கரைத்து ஊற்று. தண்டு வேகும்வரை கொதிக்கட்டும்.

அம்மா: தண்டு நறுக்கும்போது நாரை விரலில் சுற்றி எடுத்துவிடு மா. மோரில் போட்டு வைத்தால் கறுக்காது.

அண்ணி: சரி அத்தை. எலுமிச்சைப் புல் வீட்டில் இல்லையே?

பெரியம்மா: இருந்தால் மணம் கூடும், இல்லாவிட்டால் பரவாயில்லை. சாப்பிடும்போது எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். குழம்பில் புளி மட்டும் ஊற்றாதே, மீன்குழம்பாகிவிடும்.

அண்ணன்: பாக்கெட் நூடுல்ஸ் போதுமா?

பெரியம்மா: அங்கே அரிசி நூடுல்ஸ்தான். பெரியவர்களுக்கு அரிசி சேவை பிழிந்தால் அருமையாக இருக்கும். பிள்ளைகளுக்குப் பாக்கெட்டே இருக்கட்டும், அதில் வரும் மசாலாவைப் போட வேண்டாம். வேகவைத்து வடித்துத் தனியாக வை, குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் குழைந்துவிடும். கிண்ணத்தில் நூடுல்ஸ், மேலே சூடாகக் குழம்பு, அவித்த முட்டை, பொரித்த வெங்காயம், கொத்தமல்லி. தம்பி, நீ போய் நாலு பருப்பு வடை வாங்கி வா, உடைத்துத் தூவினால் அங்கே தூவும் பேஜோ என்ற பருப்புப் பொரிப்பு மாதிரி மொறுமொறு என்று இருக்கும்.

அண்ணன்: கிளம்பிவிட்டேன். வாழைத்தண்டும் வாங்கி வருகிறேன்.

அம்மா: பிள்ளைகள் கிண்ணத்தில் போடும் சதையை இன்னொரு தரம் விரலால் தடவிப் பார், சின்ன முள் ஒளிந்திருக்கும்.

அண்ணி (இரவு 8:40): பெரியவன் இரண்டாவது கிண்ணம் கேட்கிறான். சின்னவளுக்குக் காரம் கொஞ்சம் ஏறிவிட்டது, முட்டையைச் சேர்த்துப் பிசைந்து கொடுத்தேன், சாப்பிடுகிறாள். பெரியம்மா, உங்களுக்கு ஒரு தூக்கில் எடுத்து வைத்திருக்கிறேன், இவர் கொண்டு வருகிறார்.

பெரியம்மா: குழம்பை மட்டும் கொடுத்து அனுப்பு மா. சேவை நான் இங்கே பிழிந்துகொள்கிறேன்.