மார்ச் வெயில்ல மல்லி மொட்டு கருகுது, காகிதப்பூ இலை மட்டும் விடுது: என்ன பண்றது?

செங்காங் மல்லி:
வணக்கம். சிங்கப்பூர் செங்காங்ல 11வது மாடி வீடு, மேற்கு பார்த்த காரிடார். மதியம் ரெண்டரைக்கு வெயில் உள்ள வரும், ஏழு மணி வரைக்கும் விடாது. மூணு வாரமா சொட்டு மழை இல்ல.

குண்டுமல்லி ரெண்டு தொட்டி (25 செ.மீ. கறுப்பு பிளாஸ்டிக்), செம்பருத்தி, காகிதப்பூ, சீனப் புத்தாண்டுக்கு வாங்கின சாமந்தி. மல்லியில மொட்டு அரிசி அளவுக்கு வந்ததும் பழுப்பாகி உதிருது, இலை நுனியும் காயுது. செம்பருத்தி மொட்டு மஞ்சளாகி விழுது. காகிதப்பூ பச்சைப் பசேல்னு ரெண்டடிக்குக் கொடி விட்டிருக்கு, பூ மட்டும் இல்ல. சாமந்தியும் வெறும் இலைதான்.

காலையும் சாயங்காலமும் ஆளுக்கொரு கப் தண்ணி. ஊத்தின உடனே அடியில ஒழுகிடும், போதும்னு நிறுத்திடுவேன். 15-15-15 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூணும் சமமா) பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் ஒரு கரண்டி. வெயில்தான் காரணமா? வலை கட்டணுமா?

வேர்முடிச்சு:
“ஊத்தின உடனே ஒழுகிடும்”னு எழுதியிருக்கீங்களே, அங்கதான் முதல் சிக்கல். தொட்டி நிறைஞ்சு ஒழுகல, தண்ணி மண்ணுக்குள்ள போகாமலே ஒழுகுது.

கடையில வர்ற மண்கலவையில பாதிக்கு மேல தேங்காய் நார்த்தூளோ பீட்டோ (சதுப்புநில மக்கு)தான். அது ஒருதரம் முழுசாக் காய்ஞ்சா சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகிடும். அப்புறம் தண்ணியையும் ஏத்துக்காது. ஊத்துற கப் தண்ணி அந்த இடுக்கு வழியா நேரா அடிக்குப் போயிடும். வேர் உருண்டைக்கு நடுவுல தூசிதான் இருக்கும்.

ஒரு சாத்தே குச்சியை (இறைச்சி கோத்துச் சுடுற மூங்கில் குச்சி) தண்டுக்கும் விளிம்புக்கும் நடுவுல, தொட்டி ஆழத்துல முக்கால்வாசிக்கு இறக்கி, அஞ்சு நிமிஷம் கழிச்சு உருவுங்க. மேல் ரெண்டு விரல் மட்டும் ஈரமா, கீழ சுத்தமாக் காய்ஞ்சிருந்தா நான் சொன்னதுதான்.

சரிபண்ண மேல இருந்து ஊத்திப் பிரயோஜனமில்ல. வாளியில தொட்டி முக்கால் உயரத்துக்குத் தண்ணி வெச்சுத் தொட்டியை உள்ள இறக்குங்க. குமிழி வரும். நிக்கிற வரைக்கும் விடுங்க, இருபது முப்பது நிமிஷம் ஆகும். எடுத்து நல்லா வடியவிட்டு, ஒருதரம் கையில தூக்கிப் பாருங்க. அந்தக் கனம் ஞாபகத்துல இருக்கட்டும். அடுத்த நாள் தூக்கும்போது எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கைக்கே தெரியும். ஈரமானி எதுவும் வாங்க வேண்டாம்.

அதுக்கப்புறம் காலையில எட்டு மணிக்குள்ள மல்லிக்கு ஒண்ணு, ஒண்ணரை லிட்டர். பாதியை ஊத்தி, பத்து நிமிஷம் விட்டு மீதியை ஊத்துங்க. முதல் பாதி மண்ணை இளக்கும், ரெண்டாவது பாதிதான் வேருக்கு. மேல்மண் கெட்டியாயிருந்தா முள்கரண்டியால ஒரு அங்குலம் கிளறிவிடுங்க. இறுகின மண்மேல தேங்குற தண்ணியில ஏடிஸ் கொசு முட்டை வைக்கும்னு தேசியச் சுற்றுப்புற வாரியமும் இதையேதான் சொல்லுது.

களைக்கொத்து:
தண்ணி விஷயம் சரி. ஆனா மொட்டு உதிர்றதுக்கு அது ஒண்ணுதான் காரணம்னு முடிவு கட்டாதீங்க. விழுந்த மொட்டுல பத்தை எடுத்து வெள்ளைத்தாள்மேல பிளேடால நீளவாக்குல கீறிப் பாருங்க அக்கா.

உள்ள வெறுமனே காய்ஞ்சிருந்தா தாகம், சூடு. பக்கவாட்டுல ஓட்டையும், பக்கத்து மொட்டோட நூல் கட்டின மாதிரியும் இருந்தா மொட்டுப்புழு. மொட்டோட அடி வீங்கி, ஊதா பாரிச்சு, உள்ள ரெண்டு மில்லிமீட்டருக்கும் சின்னதா வெளிறின புழு நெளிஞ்சா அது மொட்டு ஈ. மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

அப்படியே இலையைத் தாள்மேல தட்டுங்க. பொடிப்புள்ளி விழுந்து நகர ஆரம்பிச்சா சிவப்புச் சிலந்தி. மழை இல்லாத நாள்ல அது பெருகுற வேகம் சொல்லி மாளாது.

செங்காங் மல்லி:
பார்த்துட்டேன் அண்ணே. குச்சி நீங்க சொன்னபடியே, நுனி தூசியா வந்துச்சு. ரெண்டு மல்லியையும் வாளியில இறக்கினேன், ஒண்ணு நாப்பது நிமிஷம் குமிழி விட்டுச்சு!

மொட்டுதான் விசித்திரம். சுவர் ஓரத் தொட்டியில எல்லாம் வெறும் காய்ஞ்சது. செம்பருத்திக்குப் பக்கத்துல இருக்கிற தொட்டியில பத்துல ஆறு மொட்டுல புழு. ஒண்ணு துள்ளிக்கூட விழுந்துச்சு. தாள்ல எதுவும் நகரல.

களைக்கொத்து:
துள்ளுச்சுன்னா சந்தேகமே இல்ல, மொட்டு ஈதான். செம்பருத்தி மொட்டு மஞ்சளாகி விழறதும் அதனாலதான் இருக்கும், அதையும் கீறிப் பாருங்க. மல்லி, செம்பருத்தி, ஆர்க்கிட், பாகற்காய், கத்தரி எல்லாம் அதுக்கு ஒரே பந்திதான். பக்கத்து வீட்டுல டெண்ட்ரோபியம் ஆர்க்கிட் இருந்தா அங்கயும் ஒரு வார்த்தை சொல்லிவைங்க. நீங்க மட்டும் ஒழிச்சா திரும்ப வந்துடும்.

ஈ மொட்டுக்குள்ள முட்டை வைக்கும். புழு உள்ளயே தின்னுட்டு, மொட்டோட விழுந்து மண்ணுல கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயா வரும். ஒரு சுற்றுக்கு மூணு நாலு வாரம். மருந்து அடிச்சா மொட்டுக்கு வெளியவே நின்னுடும், உள்ள இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது. அதனால சுற்றை அறுக்கணும்:

வீங்கின, நிறம் மாறின மொட்டையும் கீழ விழுந்ததையும் தினமும் பொறுக்கணும். பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டிக் குப்பைக்குழாய்ல போடுங்க. தொட்டியிலயே உரமாகட்டும்னு விட்டா நீங்களே வளர்க்கிற மாதிரி. மேல்மண் மூணு செ.மீ. சுரண்டி அதையும் கட்டிப் போட்டுட்டுப் புது மண் போடுங்க. ஆறு வாரம் ஒருநாள் விடாம செய்யணும். முதல் ரெண்டு வாரம் நல்ல மொட்டுன்னு தோணினாலும் அந்தத் தொட்டியில எல்லாத்தையும் கிள்ளிடறது உத்தமம். மனசு கேக்காது, ஆனா அதுதான் சீக்கிரம் முடியும்.

மாடி 14:
சுவர் ஓரத் தொட்டிக்கு 50 சதவீத நிழல்வலை கட்டிடுங்க, பிரச்சினை தீரும்.

வேர்முடிச்சு:
மன்னிக்கணும், ஒத்துக்க முடியல. மேற்குக் காரிடாருக்குக் கிடைக்கிறதே நாலரை மணி நேர வெயில். அதுல பாதியை வலை தின்னுட்டா குண்டுமல்லி இலைச்செடியாத்தான் நிக்கும். வெயில் இலைக்கு வேணும், வேருக்கு வேண்டாம். மறைக்க வேண்டியது தொட்டியை.

கறுப்பு பிளாஸ்டிக்ல சாயங்கால வெயில் பக்கவாட்டுல நேரா அடிக்குது. வெயில் படுற பக்கம் கையை வெச்சுப் பாருங்க. கை பொறுக்கலைன்னா அந்தப் பக்கத்து வேர் வெந்துக்கிட்டு இருக்கு. அப்போ எவ்வளவு தண்ணி இருந்தாலும் அதால உறிஞ்ச முடியாது. செடி முதல்ல கைவிடுறது மொட்டைத்தான்.

அந்தத் தொட்டியை அப்படியே 35 செ.மீ. மண்தொட்டிக்குள்ள இறக்கி, இடைவெளியில தேங்காய் நாரைத் திணிங்க. மண்தொட்டி கனமா இருக்கும்னா வெள்ளைச் சாக்கு சுத்தினாலும் போதும். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைங்க, அந்தச் சுவர் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் சூட்டை உமிழும். தண்டைத் தொடாம மேல்மண்ணுல மூணு செ.மீ. நார் மூடாக்கு. சுவரை விட்டுத் தள்ளும்போது நடைபாதையில 1.2 மீட்டர் தெளிவா இருக்கான்னு அளந்துக்குங்க, குடிமைத் தற்காப்புப் படையோட விதி அது. கைப்பிடிச் சுவர்மேல தொட்டி வைக்கவே கூடாது.

இன்னொண்ணு. நம்ம கடிகாரத்துக்கு உச்சிப்பொழுது பன்னிரண்டு இல்ல, மார்ச்சுல ஒரு மணி தாண்டித்தான். அதனால ஆறு மணின்னு நாம நினைக்கிறது வெயிலுக்கு அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. சாயங்காலத் தண்ணி தேவைப்பட்டா ஏழு மணிக்கு மேல, தொட்டி ஆறினப்புறம்.

மாடி 14:
தொட்டிச் சூட்டை நான் யோசிக்கல. கிழக்கு மேற்கா ரெண்டு பக்கமும் வெயில் வாங்குற இடத்துக்கு வேணா வலை சரி. காகிதப்பூவுக்கு நான் சொல்றேன், அது எனக்கு அத்துப்படி.

மல்லிக்கு ஊத்துற அதே கப்பை அதுக்கும் ஊத்துறதுதான் தப்பு. மேம்பாலத்துல பூத்துக் கொட்டுற காகிதப்பூவைப் பாருங்க. நீளத் தொட்டி, குறுகின மண், வேருக்கு இடமில்ல, மேல முழு வெயில். பட்டினியும் தாகமும் சேர்ந்தாத்தான் அது பூக்கும். நீங்க தண்ணியும் நைட்ரஜனும் கொடுத்து அதைச் சொகுசா வெச்சிருக்கீங்க.

நீளக்கொடியை மூணுல ஒரு பங்கு வெட்டுங்க, புதுக்கிளை நுனியிலதான் பூ. வெயில் அதிகம் விழற இடம் காகிதப்பூவுக்கு. தண்ணியை நிறுத்தி, இலை லேசாத் தொங்குற வரைக்கும் காத்திருங்க. மொறுமொறுன்னு காய விடக் கூடாது, தொங்கினா போதும். அப்போ ஒரே ஒருதரம் அடியில வடியிற வரைக்கும் தண்ணி. மறுபடி தொங்கட்டும். இப்படி ரெண்டு மூணு வாரம். கணுவுல பொடி முள் மாதிரி நிறம் தெரிஞ்சதும் ஒழுங்கா தண்ணி கொடுக்கலாம், அதுக்கப்புறமும் காயப்போட்டா வந்த நிறமும் உதிர்ந்துடும். சமீபத்துல தொட்டி மாத்தியிருந்தா மட்டும் இதைச் செய்யாதீங்க.

செங்காங் மல்லி:
தொட்டி மாத்தி ஒரு வருஷம் ஆச்சு, இன்னிக்கே வெட்டிடறேன். சாமந்தி? ஏர்கான் தண்ணியை ஊத்தலாமா? உரத்தை மாத்தணுமா?

களைக்கொத்து:
சாமந்தியை விட்டுடுங்க. அது பெரும்பாலும் மலேசியாவோட கேமரன் மலைக் குளிர்ல வளர்ந்து வர்றது. பூக்க நீண்ட இருட்டும் வேணும். காரிடார் விளக்கு ராத்திரி முழுக்க எரிஞ்சா அதுக்குப் பகல் முடியவே முடியாது. அந்த இடத்துல பத்துமணிப்பூவோ நித்தியகல்யாணியோ வெச்சா இந்த வெயில்ல சிரிக்கும். இட்லிப்பூவும் தாங்கும்.

ஏர்கான் தண்ணியில உப்பு கிடையாது, தாராளமா ஊத்தலாம். ஏர்கானை ரசாயனம் போட்டுக் கழுவின அன்னிக்கு வர்றதை மட்டும் கொட்டிடுங்க. பிடிக்கிற வாளியை அன்னன்னிக்கே காலி பண்ணி, உள்விளிம்பைத் துடைச்சுக் கவிழ்த்து வைங்க. தொட்டிக்கு அடியில தட்டு இருந்தா எடுத்துடறதே நல்லது.

வேர்முடிச்சு:
உரத்தை மூணு வாரம் நிறுத்துங்க. மல்லி இலை நுனி காயுறதுல பாதி, உரத்தோட உப்பு. மேல்மண்ணுல, தொட்டி விளிம்புல வெள்ளையாப் படிஞ்சிருக்கும் பாருங்க. தொட்டி கொள்ளளவுக்கு மூணு மடங்கு தண்ணியை மெதுவா விட்டு ஒருதரம் அலசணும், அதுக்கு அந்த ஏர்கான் தண்ணி ரொம்பப் பொருத்தம். வீட்டுக்குள்ள குளியலறையில வெச்சு அலசுங்க, காரிடார்ல விட்டா கீழ்வீட்டுக்காரங்க மேல வந்துடுவாங்க.

அப்புறம் மல்லியை மூணுல ஒரு பங்கு கத்தரிச்சு, புதுத்துளிர் ரெண்டு அங்குலம் வந்ததும் பொட்டாஷ் கூடின உரத்தை, டப்பாவுல சொன்னதுல பாதி அளவுக்குக் கரைச்சு ஊத்துங்க. ஈரமண்ணுலதான், காய்ஞ்ச மண்ணுல உரம் போட்டா மறுபடி நுனி கருகும்.

செங்காங் மல்லி:
செம்பருத்தி மொட்டைக் கீறினேன். அதே புழுதான் அண்ணே. பையில கட்டியாச்சு. மல்லி எப்ப பூக்கும்?

களைக்கொத்து:
சுவர் ஓரத்துத் தொட்டி, கத்தரிச்ச நாள்ல இருந்து நாலுல இருந்து ஆறு வாரம். செம்பருத்திக்குப் பக்கத்துல இருக்கிறது அதுக்கும் மேல ரெண்டு வாரம் பிடிக்கும். ரெண்டையும் தள்ளித் தள்ளி வைங்க.